ஃப்ரீசர் கறியை ஐஸ் கரைப்பதும் திரும்ப உறைய வைப்பதும்: புதிதாகச் சமைக்க வருபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வாங்கிவந்ததை அன்றைக்கே மொத்தமாகச் சமைத்து முடிக்கிற வீடுகள் குறைந்துவிட்டன. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ சிக்கன் வாங்கினால் பாதி குழம்புக்குப் போகும், மீதி ஃப்ரீசருக்குப் போகும். அப்புறம் புதன்கிழமையோ அடுத்த வாரமோ அதை வெளியே எடுக்கும்போதுதான் சந்தேகங்கள் வரும். எங்கே வைத்து ஐஸ் கரைப்பது? எவ்வளவு நேரம் ஆகும்? கரைத்த பிறகு சமைக்க முடியாமல் போனால் திரும்ப உள்ளே வைக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு இரண்டு பதில்கள் எல்லா வீட்டிலும் புழங்குகின்றன. "ஒரு தடவை ஐஸ் விட்ட கறியைத் திரும்ப வைக்கவே கூடாது, விஷம்" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும்" என்பார் இன்னொருவர். முதல் பேச்சைக் கேட்டால் நல்ல கறியைக் குப்பையில் கொட்டுவீர்கள். இரண்டாவதைக் கேட்டால் வயிற்றைக் கெடுத்துக்கொள்வீர்கள். கறி எத்தனை முறை உறைந்தது என்று எண்ண வேண்டாம். அது எங்கே வைத்து இளகியது, எவ்வளவு நேரம் குளிர் இல்லாமல் இருந்தது என்று பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

ஃப்ரீசர் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

மைனஸ் 18 டிகிரியில் கறியிலுள்ள பாக்டீரியா பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. கறி இளகி, சூடு 5 டிகிரியைத் தாண்டியதும் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதை ஆபத்தான வெப்பநிலை என்பார்கள். இதற்குள்ளே அதற்குத் தோதான சூடு கிடைத்தால் சில பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரேயொரு பாக்டீரியா, இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். நாலு மணி நேரத்தில் 4,096.

அதனால்தான் பச்சைக் கறி வெளியில் இருக்கக்கூடிய நேரம் அதிகபட்சம் 2 மணி என்பது பொது விதி. சுற்றுப்புறம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான். நம் ஊரில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பகலில் 32 டிகிரியைத் தாண்டுகிறது, அடுப்பு எரிகிற சமையலறையில் இன்னும் கூடுதல். ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 2 மணி நேரத்தை மறந்துவிட்டு 1 மணி நேரம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கொதிக்கிற குழம்பில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா கறி வெளியில் கிடக்கும் நேரத்தில் ஒரு நச்சை உண்டாக்கி விட்டுவிடுகிறது. பாக்டீரியா செத்தாலும் அந்த நச்சு கொதியில் அழியாது. மணி நேரக் கணக்கில் மேடையில் கிடந்த கறியை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

மோந்து பார்ப்பதையும் நம்ப வேண்டாம். நாற்றம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுங்கள், சரி. ஆனால் நாற்றம் இல்லை என்பதற்காகக் கறி நல்லது என்று சொல்லிவிட முடியாது. அழுகல் வாடையைக் கொடுப்பவை வேறு பாக்டீரியா, நோயைக் கொடுப்பவை பெரும்பாலும் வேறு.

முதலில் உங்கள் ஃப்ரிட்ஜைப் பாருங்கள்

ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே, ஃப்ரீசரில் மைனஸ் 18. இந்த இரண்டும்தான் இலக்கு. ஃப்ரிட்ஜ் தெர்மோமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத் தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 7, 8 என்று காட்டினால் குளிரைக் கூட்டிவைத்து மறுநாள் திரும்பப் பாருங்கள்.

கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டார்களைப் பார்த்து "நம்முடையது 5 ஸ்டார், நன்றாகக் குளிரும்" என்று நினைத்துவிடாதீர்கள். அது மின்சாரச் சிக்கனத்துக்கான மதிப்பீடு. எவ்வளவு குளிரும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே மேலே இருக்கும் அந்தச் சின்ன ஐஸ் பெட்டி, கோடைக்காலத்தில் கதவை அடிக்கடி திறந்து மூடும் வீடுகளில், மைனஸ் 18-ஐ விடாமல் பிடித்துவைப்பது கஷ்டம். அதில் பச்சைக் கறியை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்று: இந்த வகை ஃப்ரிட்ஜில் ஐஸ் படிந்துபோனால் கரைப்பதற்காக ஒரு டிஃப்ராஸ்ட் பொத்தான் இருக்கும். உள்ளே கறி இருக்கும்போது அதை அழுத்தினால் சுவரில் இருக்கிற ஐஸோடு கறியும் இளகும். கறி தீர்ந்த நாளில் அந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

உறைய வைக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்

திரும்ப உறைய வைக்கலாமா என்ற கேள்வி பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? ஒரு கிலோவை ஒரே உருண்டையாக வைத்துவிட்டு, கால் கிலோ மட்டும் தேவைப்படும்போது. உருண்டையைப் பிரிக்க முடியாது, முழுவதையும் இளக்க வேண்டியிருக்கிறது, மீதியை என்ன செய்வது என்று தெரியாது. இதை முதல் நாளே தவிர்க்கலாம்.

கடையிலிருந்து வந்ததும் கறியை ஒரு வேளைக்கு ஆகும் அளவில் பிரியுங்கள். இரண்டு பேருக்கு 250 கிராம், நாலு பேருக்கு அரை கிலோ. கெட்டியான ஜிப் பையில் போட்டு, உள்ளங்கையால் அழுத்திப் பரப்பி, 2 அல்லது 3 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக்குங்கள். அழுத்தும்போதே காற்று வெளியேறிவிடும், அப்போதே மூடிவிடுங்கள். என்ன கறி, எந்தத் தேதி என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு தொடைக்கறியும் நெஞ்சுக்கறியும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் எழுதுவதில் சோம்பல்படாதீர்கள். பாக்கெட்டுகளை ஒரு தட்டில் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் உறைய வையுங்கள். கல்லாக ஆன பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.

தட்டையாக வைப்பதற்கு இடம் மிச்சமாகும் என்பது மட்டும் காரணமில்லை. கறி மெதுவாக உறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் துகள்களாகி, தசை நாரைக் கிழித்துவிடும். இளகும்போது அந்தக் கிழிசல் வழியாகச் சாறு வெளியே ஓடும். பாக்கெட்டின் அடியில் தேங்கும் சிவப்புத் தண்ணீர் அதுதான். பலரும் அதை ரத்தம் என்று நினைக்கிறார்கள். தசையிலிருக்கும் மயோகுளோபின் என்ற நிறப் புரதம் கலந்த தண்ணீர் அது. மெல்லிய பாக்கெட் சீக்கிரம் உறையும், துகள்கள் சின்னதாக இருக்கும், சாறு கறிக்குள்ளேயே நிற்கும்.

மைனஸ் 18-இல் சரியாக இருக்கும் ஃப்ரீசரில் கோழித் துண்டுகள் 9 மாதம் வரை, கொத்துக்கறியும் ஈரலும் 3, 4 மாதம் வரை ருசி குறையாமல் இருக்கும். அதற்குப் பிறகு கெட்டுவிடாது, வறண்டுபோகும். ஓரங்களில் வெளிறிய, காய்ந்த திட்டு தெரிந்தால் காற்றுப் பட்டு ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

ஐஸ் கரைக்கும் வழிகள்

மூன்று வழிகள் இருக்கின்றன. மேடையில் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவது அந்த மூன்றில் இல்லை. வெளிப்புறம் அறைச் சூட்டுக்கு வந்து வெகு நேரமாகியும் நடுவில் கல்லாகவே இருக்கும். நடு இளகும்வரை காத்திருந்தால் வெளிப்புறத்துக்கு அந்த 1 மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். வெந்நீரில் போடுவதும் இதே கதைதான், இன்னும் வேகமாக நடக்கும்.

முதல் வழி, எப்போதும் என் முதல் சிபாரிசு, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளக்குவது. முந்தின நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும் பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, விளிம்பு உயர்ந்த ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் வைத்துக் கீழ்த் தட்டில் வையுங்கள். பாத்திரம் இல்லாமல் வைக்கக் கூடாது. நம் ஃப்ரிட்ஜ்களில் கீழ்த் தட்டுக்கு அடியில்தான் காய்கறிப் பெட்டி இருக்கிறது. பாக்கெட்டில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் போதும், அந்தத் தண்ணீர் சொட்டி நேராகக் கொத்தமல்லிக் கட்டின் மேல் விழும். கறியையாவது வேக வைக்கிறோம், அந்தக் கொத்தமல்லியைப் பச்சையாகச் சட்னி அரைப்போம். ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் சில்லர் ட்ரேயும் இதற்குச் சரிப்படாது. அங்கே குளிர் அதிகம், மறுநாளும் பாதி உறைந்தே இருக்கும்.

தட்டையான அரை கிலோ பாக்கெட் இரவு வைத்தால் காலையில் தயார். ஒரு கிலோ உருண்டைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முழுக் கோழி என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இளகிய பிறகு சிக்கன், கொத்துக்கறி, ஈரல், குடல், மீன் இவற்றை 1 அல்லது 2 நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். மட்டன், மாட்டுக்கறி, பன்றிக்கறித் துண்டுகளுக்கு 3 முதல் 5 நாள் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது அறுத்ததிலிருந்து குளிரிலேயே வைத்துக் கொண்டுவரப்படும் கறிக்கான கணக்கு. நம் கறிக்கடையில் மட்டன் விடியற்காலையிலிருந்து வெளியில் தொங்குகிறது. ஆகவே மட்டனுக்கும் 2 நாள் என்று வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டாவது வழி, குளிர்ந்த தண்ணீர். இரவில் எடுத்து வைக்க மறந்துவிட்டவர்களுக்கு. பாக்கெட் ஒழுகக் கூடாது, சந்தேகமாக இருந்தால் இன்னொரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, பாக்கெட்டை முழுவதும் மூழ்க வைத்து, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அரை கிலோவுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம், தட்டையான பாக்கெட் இன்னும் சீக்கிரம்.

இங்கே ஒரு விஷயம். குளிர்ந்த தண்ணீர் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது வேறு, மே மாதம் மதியம் நம் குழாயில் வருவது வேறு. மொட்டைமாடித் தொட்டியில் வெயில் குடித்து வருகிற தண்ணீர் கையைச் சுடும். அதில் கறியைப் போட்டால் வெந்நீரில் போட்டதற்குச் சமம். ஃப்ரிட்ஜில் இருக்கும் தண்ணீர் பாட்டில்களை ஊற்றுங்கள், கூடவே ஒரு ட்ரே ஐஸ் கட்டியைக் கொட்டுங்கள். கையை விட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். இப்படி இளக்கிய கறியை உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள், திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்து நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாவது, மைக்ரோவேவ். டிஃப்ராஸ்டில் எடையைப் போட்டு வைத்து, பாதி நேரத்தில் துண்டுகளைப் பிரித்துத் திருப்பி வையுங்கள். ஓரங்கள் வேக ஆரம்பித்துவிடும் என்பதால் இதையும் உடனே சமைக்க வேண்டும்.

இது எதற்கும் நேரமில்லை என்றால் இளக்காமலே சமைக்கலாம். தட்டையாக உறைந்த பாக்கெட்டாக இருந்தால் மசாலா வதங்கியதும் அப்படியே போட்டு, தண்ணீர் விட்டு, மூடி போட்டு, துண்டுகள் பிரிந்ததும் கிளறிவிடுங்கள். வழக்கமான நேரத்தைவிட ஒன்றரை மடங்கு ஆகும். பெரிய துண்டைப் பொரிப்பதற்கு மட்டும் இது உதவாது. வெளியே கருகும், எலும்போரம் பச்சையாக நிற்கும். கோழி என்றால் கனமான துண்டின் நடுவில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும்.

திரும்ப உறைய வைக்கலாமா

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகிய கறியாக இருந்தால் வைக்கலாம். சமைக்காமலே, பச்சையாகவே. மேலே சொன்ன 1 அல்லது 2 நாள் கெடுவுக்குள் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை இரவு கீழ்த் தட்டில் வைத்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அன்று மாலையே அதே பாக்கெட்டைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்துவிடலாம். அது ஒரு நிமிடம்கூட 5 டிகிரியைத் தாண்டவில்லை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ருசியில்தான் நஷ்டம். இரண்டாவது முறை நார் இன்னும் கிழியும், சாறு இன்னும் போகும். வறுவலுக்கு வைத்திருந்ததை அடுத்த முறை குழம்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேப்பில் "இரண்டாம் முறை" என்றும் எழுதிவிடுங்கள், மூன்றாவது முறைக்குப் போக வேண்டாம்.

தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியிருந்தால் பச்சையாகத் திரும்ப வைக்கக் கூடாது. சமைத்துவிட்டு உறைய வைக்கலாம். அரை கிலோவில் பாதிதான் வேண்டும் என்றாலும் முழுவதையும் இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்புப் போட்டு நன்றாக வேக வைத்துவிடுங்கள். பாதியைத் தாளித்து இன்றைக்கு, மீதியை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆற வைத்து, 1 மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்கு. உண்மையில் ஃப்ரிட்ஜில் இளகிய கறிக்கும் இந்த வழிதான் மேல். வெந்த கறி இரண்டாம் முறை உறைவதில் பச்சைக் கறி அளவுக்கு ருசி போவதில்லை. இரண்டு மூன்று மாதம் தாராளமாக இருக்கும்.

மேடையில் 1 மணி நேரத்துக்கு மேல் இருந்த கறியா? திரும்ப வைப்பதற்கும் இல்லை, சமைப்பதற்கும் இல்லை.

நடுவில் இன்னும் ஐஸ் இருந்தால் திரும்ப வைக்கலாம் என்று ஒரு விதி கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சரியான விதிதான், ஆனால் ஃப்ரிட்ஜிலோ மூடிய ஃப்ரீசரிலோ இருந்த கறிக்கு. அங்கே சுற்றிலும் குளிர் இருப்பதால் நடுவில் ஐஸ் இருந்தால் வெளிப்புறமும் குளிராகத்தான் இருக்கும். மேடையில் இருந்த உருண்டைக்கு இது பொருந்தாது. அங்கே நடுவில் ஐஸும் வெளியே 30 டிகிரியும் ஒரே நேரத்தில் இருக்கலாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

கடையில் உறைந்த நிலையில் வாங்கும் பாக்கெட்டுகளில் ஒருமுறை இளகினால் திரும்ப உறைய வைக்க வேண்டாம் என்று போட்டிருந்தால் அதன்படியே நடங்கள். வாங்கும்போதே அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மூலையில் சிவப்பு ஐஸ் பாளமாகத் தேங்கி உறைந்திருந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக ஆகியிருந்தாலோ, வழியில் எங்கோ கரண்ட் போய்த் திரும்ப உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வேறு பாக்கெட் எடுங்கள்.

கரண்ட் போனால்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியது கதவைத் திறக்காமல் இருப்பது. நிறைந்திருக்கும் ஃப்ரீசர் மூடியபடியே இருந்தால் 48 மணி நேரம் வரை குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கீழே இருக்கும் ஃப்ரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரம்தான். இதெல்லாம் நல்ல நிலையில் இருக்கிற தனி ஃப்ரீசருக்கான கணக்கு, ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியிடம் இவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததுமே காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்துவிடுவது நல்லது. கரண்ட் வந்ததும் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் துகள் தட்டுப்பட்டாலோ தெர்மோமீட்டர் 4 டிகிரிக்குள் காட்டினாலோ திரும்ப உறைய விடலாம். முழுக்க இளகி, குளிரும் போயிருந்தால் எறிந்துவிடுங்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு எளிய ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. அந்தக் கறியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மீன் விஷயத்தில் கூடுதல் கவனம்

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிர் இல்லாமல் இருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அது உறைய வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு அரிக்கும். எனவே மீனை ஃப்ரிட்ஜில் மட்டும் இளக்குங்கள், இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில். சந்தையில் ஐஸில் பரப்பியிருக்கும் இறால் ஏற்கெனவே ஒருமுறை உறைந்து இளகியதாகவும் இருக்கலாம். கடைக்காரரைக் கேளுங்கள், ஆமாம் என்றால் அன்றைக்கு ஆகிற அளவு மட்டும் வாங்குங்கள். காற்று உறிஞ்சி அடைத்த பாக்கெட்டில் வரும் மீனை, ஃப்ரிட்ஜில் இளக வைக்கும் முன் பாக்கெட்டை வெட்டித் திறந்துவிட வேண்டும். காற்றே இல்லாத இடத்தில் நச்சு உண்டாக்கும் ஒரு வகை பாக்டீரியா, 4 டிகிரியில்கூட மெதுவாக வளரும்.

இளகிய கறியைக் கழுவும்போது

கழுவாமல் சமைக்கச் சொன்னால் நம் வீடுகளில் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நல்லது, ஏனென்றால் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கறியைப் பிடித்தால் கிருமி கலந்த சாரல் சுற்றிலும் தெறித்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு வரைக்கும் போகும். மஞ்சள்தூள் போட்டு அலசுவதால் கிருமி போய்விடாது. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் அகலமான பாத்திரத்தில் தண்ணீரை முதலில் நிரப்பி, அதற்குள் கறியை மெதுவாக இறக்கி, அலசி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்து ஊற்றும்போதும் சிங்க்கின் அடியை ஒட்டி ஊற்றுங்கள்.

பிறகு கறி இளகிய ஸ்டீல் பாத்திரம், கத்தி, பலகை, சிங்க், குழாயின் திருகு, இவற்றைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பலகையின் மேல் கொதிநீரை ஊற்றுங்கள். குழாய்த் திருகைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், கறிக் கையோடு முதலில் தொடுவது அதைத்தான். கையை 20 வினாடி சோப்பால் தேய்த்துக் கழுவிய பிறகு வெங்காயம் நறுக்க உட்காரலாம்.